முன் சைட் தெரியுதுங்களாப்பா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஏழு மணிக்கே அப்பாவும் மகளும் ரேஞ்சுக்கு வந்துவிடுவார்கள். அவருக்கு 52 வயது. கோவையில் நான்கு லேத் மெஷின்களோடு ஒரு சின்னப் பட்டறை. பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் தொழில். மகள் பத்தாம் வகுப்பு. கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்துப் பிறந்தவள் என்பதால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

கல்லூரிக் காலத்தில் என்.சி.சி-யில் பாயின்ட் 22 ரைஃபிளைப் பிடித்த அன்று தொடங்கிய ஆசை அவருக்கு. பட்டறை போட்டுக் கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு கிளப்பில் உறுப்பினரானார். சொந்தத் துப்பாக்கி எதுவும் கிடையாது. கிளப்பின் பழைய பிஸ்டல்தான். தோட்டாக்களை எண்ணி வாங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சுட்டு முடித்ததும் காலி கேஸ்களை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் சுடுவது 50 மீட்டர் பிஸ்டல். மகள் பக்கத்து ஹாலில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்.

50 மீட்டர் என்பது ரைஃபிள்காரர்களுக்குப் பெரிய தூரமில்லை. தோளில் அண்டக் கொடுக்காமல், இன்னொரு கையின் உதவியும் இல்லாமல், ஒற்றைக் கையை நீட்டிச் சுடுபவருக்கு அது மலைப்பான தூரம். டார்கெட்டின் கறுப்பு வட்டம் 20 சென்டிமீட்டர் அகலம். 50 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், நீட்டிய கையின் விரல் நுனியில் பிடித்த கடுகைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். அந்தக் கறுப்புக்குள் இருக்கும் பத்து மதிப்பெண் வளையத்தின் அகலம் 5 சென்டிமீட்டர். தொலைநோக்கி, லேசர், லென்ஸ் எதையும் பிஸ்டலில் பொருத்தக் கூடாது. இருப்பது இரண்டு இரும்புத் துண்டுகள் மட்டும். கண்ணுக்குப் பக்கத்தில், நடுவில் சதுரமாக வெட்டிய ஒரு தகடு. அது பின் சைட். குழல் நுனியில் ஒரு சின்னக் கட்டை. அது முன் சைட். கட்டையின் தலை வெட்டின் விளிம்போடு மட்டமாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். திறந்த சைட் என்பது இவ்வளவுதான்.

இதில்தான் வில்லங்கம். பின் சைட் ஏறக்குறைய ஒரு கை தூரத்தில் இருக்கிறது. முன் சைட் கிட்டத்தட்ட ஒரு மீட்டரில். டார்கெட் 50 மீட்டரில். மனிதக் கண்ணால் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். புதிதாக வரும் எல்லோரும் டார்கெட்டைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சுட வேண்டியது அதைத்தானே?

"டார்கெட்டை மறந்துடு கண்ணு. முன் சைட்டைப் பாரு." இரண்டு வருடங்களாக மகளிடம் அவர் சொல்லி வந்தது இதைத்தான்.

பட்டறைக் கணக்கு

ஏன் என்று அவள் ஆரம்பத்திலேயே கேட்டாள். பட்டறைக்காரர் பட்டறைக் கணக்கிலேயே பதில் சொன்னார். ஒரு பேப்பரில் கோடு போட்டார். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள். டார்கெட் 50 மீட்டர். அப்படியென்றால் சைட்டில் நடக்கும் தப்பு டார்கெட்டில் 150 மடங்காகிவிடும். முன் சைட் அரை மில்லிமீட்டர் மேலே எழும்பினால், குண்டு 75 மில்லிமீட்டர் மேலே போகும். பத்தில் விழ வேண்டியது எட்டின் கோட்டுக்குப் போய்விடும்.

"கை மொத்தமா ஆடுதேப்பா, அதுக்கு என்ன பண்றது?"

"ஆடட்டும். யாருக்குத்தான் ஆடாது? சைட் ரெண்டும் மட்டமா இருந்து, துப்பாக்கி மொத்தமா 5 மில்லிமீட்டர் நகந்தா, குண்டும் 5 மில்லிமீட்டர்தான் நகரும். அதுக்கு மன்னிப்பு உண்டு. மணிக்கட்டு சாஞ்சு சைட் மட்டம் கெட்டுச்சுன்னா மன்னிப்பே கிடையாது."

கறுப்பு வட்டத்தின் நடுவே குறி வைக்கக் கூடாது என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். கறுப்புக் கட்டை கறுப்பு வட்டத்துக்குள் போனால் விளிம்பு தெரியாது. அதனால் வட்டத்துக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் முன் சைட்டை நிறுத்த வேண்டும். குண்டு வட்டத்தின் நடுவில் போய் விழுமாறு பின் சைட்டைத் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளையில் எந்த இடம் என்று துல்லியமாகத் தேடவும் கூடாது. ஓர் இடத்தில் கை மெதுவாக மிதக்கும். அந்த மிதப்பை ஏற்றுக்கொண்டு, முன் சைட்டின் மேல் விளிம்பை மட்டும் பார்த்தபடி ட்ரிகரை நேராகப் பின்னால் அழுத்த வேண்டும். ஏழெட்டு விநாடிக்குள் குண்டு போகவில்லை என்றால், சுடாமல் கையை இறக்கிவிட வேண்டும். 60 குண்டுக்கு 90 நிமிடம் தருகிறார்கள். ஒரு குண்டுக்கு ஒன்றரை நிமிடம். அவசரமே இல்லை.

பாடம் எல்லாம் சரிதான். பாடம் நடத்தியவருக்குத்தான் ஒரு வருடமாக முன் சைட் சரியாகத் தெரியவில்லை.

மேலும் கீழும்

முதலில் கடைசிப் பத்து குண்டுகளில்தான் மங்கியது. களைப்பு என்று நினைத்துக்கொண்டார். பிறகு முப்பதாவது குண்டிலேயே மங்கியது. வெளிச்சம் போதவில்லை என்றார். கையைத் தூக்கியதும் கட்டை தெளிவாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று விநாடியில் அதன் விளிம்பு கரையும், சுண்ணாம்புச் சுவரில் ஈரம் பரவுவது போல. ஒரு காலத்தில் 600-க்கு 531 எடுத்தவர் 490-ஐத் தாண்டத் திணறினார். பிஸ்டல் பழசாகிவிட்டது என்று கிளப்பில் சொல்லி வைத்தார்.

வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தேவையான அளவுக்கு வளைய மறுக்கிறது. அவருக்கும் மூன்று வருடம் முன்பே படிக்கும் கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது பட்டறை மேஜை டிராயரில் கிடந்தது. வேலைக்கார பையன்கள் முன்னால் மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெர்னியரைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. 'கையில தொட்டுப் பார்த்தே சைஸ் சொல்வாரு எங்க மொதலாளி' என்று அவர்கள் வெளியில் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறார்.

ஒரு ஞாயிறு யாருக்கும் தெரியாமல் அந்தக் கண்ணாடியை ரேஞ்சில் போட்டுப் பார்த்தார். பின் சைட் பளிச்சென்று தெரிந்தது. முன் சைட் புகை போல இருந்தது. டார்கெட்டையே காணோம். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் மகளின் பயிற்சியைப் பார்க்கப் போனார். அவள் சுட்ட ஐந்து குண்டுகளில் மூன்று ஏழில் விழுந்திருந்தன. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் தலையைத் தூக்கி எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவை சொல்றது? முன் சைட்டைப் பாரு!" குரல் அவருக்கே தெரியாமல் உயர்ந்துவிட்டது. பக்கத்து லேனில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

அவள் பிஸ்டலை மேஜை மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுதுங்களாப்பா?"

"என்னது?"

"முன் சைட்."

"தெரியாமயா இத்தனை வருஷம் சுட்டுட்டு இருக்கேன்?"

"உங்க பேப்பரைப் பார்த்தேன். குண்டெல்லாம் மேலயும் கீழயும் போயிருக்குது. பக்கவாட்டுல நல்லாத்தான் இருக்குது. மேலயும் கீழயும் போனா, கட்டையோட மேல் விளிம்பு தெரியலைன்னு அர்த்தம்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நாற்பது ஷாஃப்ட்

மறு வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து போன் வந்தது. அனுப்பிய 40 ஷாஃப்ட்களும் தள்ளுபடி. பேரிங் உட்காரும் இடத்தில் 0.1 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. அளவு வைத்து மெஷினை செட் செய்தவர் அவர்தான். வெர்னியரின் சின்னக் கோடுகளில் எது எதோடு சேர்கிறது என்று அவசரத்தில் குத்துமதிப்பாகப் படித்தவரும் அவர்தான். கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கடையலாம். குறைந்துபோன இரும்பை எங்கிருந்து கொண்டு வந்து ஒட்டுவது? நாற்பதும் காயலான் கடைக்குத்தான்.

அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "ஏனுங்க, ரெண்டு வாயாவது சாப்பிடுங்க" என்று மனைவி சொல்லிப் பார்த்தார். மகள் தன் அறிவியல் புத்தகத்தைக் கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒளியியல் பாடம். கண் குறைபாடுகள் பற்றிய பக்கம் திறந்திருந்தது. அவள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள்.

2016 ரியோ ஒலிம்பிக்ஸ். ஆண்கள் 50 மீட்டர் பிஸ்டல் இறுதிச் சுற்று. தென் கொரியாவின் ஜின் ஜோங் ஓ. முந்தைய இரண்டு ஒலிம்பிக்ஸிலும் இதே பிரிவில் தங்கம் வாங்கியவர். அலெக்சாண்டர் மெலன்டியெவ் என்ற சோவியத் வீரர் 1980 மாஸ்கோவில் எடுத்த 581 என்ற உலக சாதனை 34 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 2014-ல் ஸ்பெயினின் கிரனாடாவில் 583 எடுத்து அதை உடைத்தவரும் ஜின்தான்.

அப்படிப்பட்டவர் ரியோவில் ஒன்பதாவது குண்டை 6.6-ல் சுட்டார். ஓர் இறுதிச் சுற்றில் அது தலையில் இடி விழுந்த மாதிரி. எட்டுப் பேரில் ஏழாவது இடத்துக்குச் சரிந்தார். இரண்டு குண்டுக்கு ஒருமுறை கடைசியில் இருப்பவரை வெளியே அனுப்பும் போட்டி அது. இன்னும் ஒரு தப்பு நடந்தால் அவர் கதை முடிந்திருக்கும். ஜின் கையை இறக்கினார். மறுபடி தூக்கினார். ஒவ்வொருவராக வெளியேற, அவர் படிப்படியாக மேலே ஏறினார். முடிவில் 193.7. வியட்நாமின் ஹோவாங் சுவான் வின் 191.3. ஒரே தனிநபர் பிரிவில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் துப்பாக்கிச் சுடுதல் வீரரானார் ஜின். 50 மீட்டர் பிஸ்டல் ஒலிம்பிக்ஸில் இருந்ததும் அதுதான் கடைசி முறை. அதன் பிறகு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

அவர் இந்த வீடியோவைப் பலமுறை பார்த்தவர்தான். அன்று வேறு மாதிரி தெரிந்தது. அந்த 6.6-ஐ ஜின் யார் மேலும் போடவில்லை. வெளிச்சத்தை முறைக்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு முன் சைட் தெரியலை கண்ணு" என்றார் அவர், போனைப் பார்த்தபடியே. "ஒரு வருஷமாத் தெரியலை."

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் அவள்.

ஒரு மீட்டர் கண்ணாடி

சனிக்கிழமை இருவரும் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். அதற்கு முன் கிளப்பில் ஒரு வேலை செய்தாள் மகள். காலி பிஸ்டலைப் பாதுகாப்பாக டார்கெட் பக்கம் நீட்டச் சொல்லி, அவர் கண்ணிலிருந்து முன் சைட் வரை தையல் டேப் வைத்து அளந்தாள். 98 சென்டிமீட்டர். மரப்பட்டை ஒன்றை அதே நீளத்துக்கு அறுத்து, நுனியில் கறுப்பு டேப் சுற்றிய சின்னக் கட்டையை ஒட்டிக்கொண்டாள். துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுபோக முடியாது. கட்டையைக் கொண்டுபோகலாம்.

கண் பரிசோதிக்கும் பெண் முதலில் குழம்பிப் பிறகு சிரித்துவிட்டார். "படிக்கிறதுக்கும் இல்லாம, தூரத்துக்கும் இல்லாம, ஒரு மீட்டருக்குக் கண்ணாடி கேக்கறவர் நீங்கதான் சார் முதல் ஆள்."

"ஒரு மீட்டர்னா ஒரு டயாப்டர்தானுங்களே அக்கா?" என்று மகள் கேட்டாள். ஒன்றை மீட்டரால் வகுத்தால் லென்ஸின் திறன். பரீட்சைக்குப் படித்த சூத்திரம்.

"கணக்கு சரிதான் பாப்பா. முழு ஒண்ணு போட்டா டார்கெட் ரொம்பக் கரைஞ்சிடும். கொஞ்சம் குறைச்சுப் பார்ப்போம்." 0.75 லென்ஸைச் சட்டத்தில் மாட்டினார். அவர் மரப்பட்டையைக் கண்ணுக்கு நேராக நீட்டினார். கறுப்புக் கட்டையின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் நின்றது. எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகை மங்கியிருந்தது. ஆனால் காணாமல் போகவில்லை. அவர் பட்டையை இறக்கவே இல்லை. கண் கலங்கியதால் மறுபடி துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு யோசனையும் மகளுடையதுதான். லென்ஸ் மேல் ஒரு கறுப்புத் துண்டை ஒட்டி, நடுவில் சின்ன ஓட்டை போட்டாள். ஓட்டை வழியாகப் பார்த்தால் அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். ஊசித்துளை கேமரா வேலை செய்வதும் இதே முறையில்தான். போட்டிக்காரர்கள் கண்ணாடியில் மாட்டும் ஐரிஸ் இதையே நேர்த்தியாகச் செய்கிறது. விதிப்படி அதற்கு அனுமதியும் உண்டு. துப்பாக்கியில்தான் லென்ஸ் கூடாது, சுடுபவர் கண்ணில் கண்ணாடி இருக்கலாம். ஓட்டை ரொம்பச் சிறிதாகப் போனால் வெளிச்சம் குறைந்துவிடும். மூன்று முறை மாற்றி ஒட்டி, அளவைப் பிடித்தார்கள்.

திங்கட்கிழமை பட்டறையில் டிராயரைத் திறந்து படிக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பையன்கள் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதில் மூத்தவன் மட்டும், "நல்லதாப் போச்சுண்ணா, நாங்க எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தோம்" என்றான்.

அறுபது குண்டு

இரண்டு மாதம் கழித்து மாநில அளவிலான போட்டி. மகள் பின்னால் பார்வையாளர் வரிசையில். முதல் பத்தில் 88. இரண்டாவதில் 86. டார்கெட் கலங்கலாக, ஒரு சாம்பல் நிறப் பொட்டாகத்தான் தெரிந்தது. முன் சைட் அச்சில் வார்த்தது போல் இருந்தது.

நான்காவது சுற்றின் நடுவில் ஒரு குண்டு ஐந்துக்குப் போனது. பக்கத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தது. அதில் பார்த்தவர் அப்படியே நின்றார். கையைத் தூக்கினார், இறக்கினார். மறுபடி தூக்கினார், இறக்கினார். பின்னால் திரும்பிப் பார்த்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. போட்டி நடக்கும்போது சொல்லவும் கூடாது. தன் கண்ணுக்கு முன்னால் ஒற்றை விரலை நீட்டி, அதையே உற்றுப் பார்த்தாள்.

அவர் ஸ்கோப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அந்தச் சுற்று முடியும்வரை அதன் பக்கம் போகவில்லை.

மொத்தம் 519. பதினோராவது இடம். பதக்கம் இல்லை, மேடை இல்லை. பழைய 531-க்கும் எட்டவில்லை. பேப்பரைச் சுருட்டும் முன் இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மேலும் கீழுமாகப் போயிருந்த ஓட்டைகள் இப்போது நடுவைச் சுற்றி வட்டமாகக் கூடியிருந்தன. கை ஆடியிருக்கிறது. அதற்கு மன்னிப்பு உண்டு.

மறுநாள் மகளின் போட்டி. அவள் ஒரு குண்டுக்குக்கூடத் தலையைத் தூக்கி எட்டிப் பார்க்கவில்லை என்பதை அவர் கவனித்தார். மதிப்பெண்ணை அவளும் கேட்கவில்லை, அவரும் உடனே சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

"நேத்து டார்கெட் நல்லாத் தெரிஞ்சுதுங்களாப்பா?"

"மங்கலாத்தான் கண்ணு."

"அப்புறம்?"

"முன் சைட் தெரிஞ்சுது. அது போதும்."